விமான நிலைய ரயிலுக்கு ஏன் தனிக் கட்டணம்?

குமரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்கள் பெரும்பாலும் திருவனந்தபுரத்தில்தான் விமானம் ஏறுகிறார்கள். நாகர்கோவிலிலிருந்து அங்கே ரயில் பாதை 71 கிலோமீட்டர். பாதை வந்தது 1979-இல். ரயில் தம்பானூரில், அதாவது திருவனந்தபுரம் சென்ட்ரல் நிலையத்தில், நம்மை இறக்கிவிடும். அங்கிருந்து விமான நிலையம் ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர். ஆட்டோவோ டாக்சியோ பிடிக்க வேண்டும். பெட்டியும் பையுமாக அந்த ஆறு கிலோமீட்டரைக் கடக்கும்போது, இங்கே நேரடியாக ஒரு ரயில் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று தோன்றாதவர்கள் குறைவு.

உலகின் பல நகரங்களில் அப்படி ஒரு ரயில் இருக்கிறது. அதில் ஏற என்ன விலை என்பதுதான் பெரிய விவாதம். அதே தூரத்துக்குச் சாதாரண ரயிலில் கொடுப்பதைப் போல மூன்று, நான்கு மடங்கு கேட்கிறார்கள். அது நியாயமா, அந்தக் கணக்கு எங்கே பொருந்துகிறது, எங்கே உடைகிறது என்பதைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக எழுதியிருக்கிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். "விமான நிலைய ரயில்" என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு ஏற்பாடுகள் உலவுகின்றன.

முதல் வகையில் இடைநில்லாத தனி ரயில் ஒன்று ஓடும். அதே விமான நிலையத்துக்குச் சாதாரண ரயிலும் இருக்கும். லண்டன் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. 1998-இல் தொடங்கிய ஹீத்ரோ எக்ஸ்பிரஸ், பாடிங்டன் நிலையத்திலிருந்து 15 நிமிடத்தில் விமான நிலையம் சேரும். கையோடு டிக்கெட் எடுத்தால் 25 பவுண்டு அளவில் ஆகும். பல வாரம் முன்னதாக எடுத்தால் பாதிக்கும் கீழே கிடைக்கும். 2022 மே மாதம் வந்த எலிசபெத் பாதையில் பாடிங்டனுக்கு அரைமணி நேரம்; கட்டணம் எக்ஸ்பிரஸைவிடப் பத்து பவுண்டு அளவில் குறைவு. 1977 முதல் விமான நிலையம்வரை ஓடும் பிக்காடில்லி சுரங்க ரயில் பாதையில் நகர மையத்துக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். செலவு 6 பவுண்டு அளவில். ஒரே விமான நிலையம், மூன்று விலை. எதில் ஏறுவது என்பது பயணியின் விருப்பம்.

இரண்டாம் வகையில் ரயில் சாதாரண ரயில்தான். விமான நிலையத்தில் ஏறி இறங்குவதற்கு மட்டும் வாசல் கட்டணம் கேட்பார்கள். சிட்னியில் 2000-ஆம் ஆண்டு முதல் இப்படித்தான். ரயில் கட்டணம் சில டாலர். அதன் மேல் வாசல் கட்டணமாக 17, 18 ஆஸ்திரேலிய டாலர் அளவில் சேர்க்கிறார்கள். அதே ரயிலில் அடுத்த நிலையத்தில் இறங்கினால் இந்தக் கட்டணம் இல்லை. ஸ்டாக்ஹோமின் ஆர்லாண்டா விமான நிலையத்திலும் புறநகர் ரயிலில் வருபவர் நிலையத்தைக் கடக்கத் தனியாகக் கட்ட வேண்டும்.

மூன்றாம் வகையில் விமான நிலையமும் பாதையில் ஒரு நிறுத்தம், அவ்வளவே. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கு 2002 முதல் மெட்ரோ போகிறது. ஊருக்குள் எந்த மூலைக்குப் போனாலும் என்ன கணக்கோ அதே கணக்குதான் அங்கேயும். சென்னையும் இந்த வகைதான். மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு 2016 செப்டம்பரில் மெட்ரோ வந்தது. தூரத்துக்கு ஏற்ற வழக்கமான கட்டணம், கூடுதல் வரி எதுவும் கிடையாது. சாலைக்கு எதிர்ப்புறம் திரிசூலம் புறநகர் நிலையம் பல காலமாகவே இருக்கிறது.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் "விலை அதிகம்", "விலை நியாயம்" என்று பேசினால் பேச்சு எங்கும் போய்ச் சேராது. எங்கள் கருத்தில் முதல் வகையில் பெரிய அநியாயம் இல்லை, மலிவான வழியும் திறந்திருக்கும்வரை. சிக்கல் இரண்டாம் வகையில்தான்.

கூடுதல் விலைக்கு என்ன காரணம் சொல்கிறார்கள்?

பாதை போடக் கடன் வாங்குகிறார்கள். சுரங்கம், பாலம், முனையத்துக்கு அடியில் நிலையம் எல்லாமே பெருஞ்செலவு. தனியார் கூட்டு நிறுவனம் கட்டினால், அந்தக் கடனும் வட்டியும் டிக்கெட்டிலிருந்தே வர வேண்டும். வரிப்பணத்தில் கட்டலாமே என்றால் அதற்கும் ஒரு பதில் இருக்கிறது, லேசாகத் தள்ளிவிட முடியாத பதில்: வாழ்நாளில் ஒருமுறைகூட விமானம் ஏறாத ஒருவரின் வரியை எடுத்து, விமானம் ஏறுபவரின் ரயில் கட்டணத்தை ஏன் குறைக்க வேண்டும்? கம்பெனிச் செலவில் பறப்பவர் 25 பவுண்டு கொடுக்கத் தயங்கமாட்டார். அவரிடம் வாங்கலாமே.

இன்னொரு காரணம் பெட்டி படுக்கை. காலை வேலைக்குப் போகும் கூட்டத்துக்கு நடுவே 30 கிலோ பெட்டியோடு நால்வர் ஏறினால் கதவடியில் எல்லாம் நின்றுவிடும். அவர்களைத் தனி ரயிலுக்கு நகர்த்துவது இரு தரப்புக்கும் நல்லது என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது.

ஆனால் இந்தக் கணக்குகள் எல்லாம் ஒரு ஊகத்தின்மேல் நிற்கின்றன: விலை உயர்ந்தாலும் ஆள் வருவார் என்ற ஊகம். அது எப்படி உடைந்தது என்பதைக் கனடாவின் டொரொண்டோவில் தெளிவாகப் பார்க்கலாம்.

டொரொண்டோ கணக்கு

அங்கே யூபி எக்ஸ்பிரஸ் என்ற விமான நிலைய ரயில் 2015 ஜூன் 6 அன்று ஓடத் தொடங்கியது. நகர மையத்திலிருந்து 25 நிமிடம், 15 நிமிடத்துக்கு ஒரு வண்டி. கட்டணம் 27.50 கனடிய டாலர். பயண அட்டை வைத்திருந்தால் 19. வண்டிகள் காலியாக ஓடின. ஒரு வருடம்கூட ஆகவில்லை, 2016 மார்ச்சில் கட்டணத்தை 12 டாலராகவும், அட்டைக்கு 9 டாலராகவும் இறக்கினார்கள். பயணிகள் இரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்தார்கள்.

ஒரு நிமிடம் நின்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 27.50-ஐ 12-ஆல் வகுத்தால் 2.3 வருகிறது. அட்டைக் கட்டணத்தில் 19-ஐ 9-ஆல் வகுத்தால் 2.1. அதாவது ஆட்கள் இரண்டு மடங்குக்குச் சற்று மேல் வந்தாலே பழைய வசூல் திரும்பிவிடும். ரயிலில் இது முக்கியமான விஷயம். 40 பேர் ஏறினாலும் 150 பேர் ஏறினாலும் ஓட்டுநர் ஒருவர்தான், எரிபொருளும் தண்டவாளத் தேய்மானமும் ஏறத்தாழ ஒன்றுதான். காலி இருக்கையைச் சேமித்து வைத்து நாளைக்கு விற்க முடியாது. சாலையில் ஓடாத டாக்சிகளையும், குறைந்த நெரிசலையும் சேர்த்தால் கணக்கு இன்னும் சாய்கிறது.

அந்தப் பாதையின் நடுவில் அப்போது வெஸ்டன், ப்ளூர் என்று இரண்டு நிறுத்தங்கள் இருந்தன. பழைய விலையில், வீட்டு வாசலில் நிற்கும் ரயிலில் அந்தப் பகுதி மக்களால் வேலைக்குப் போக முடியவில்லை. விலை இறங்கியதும் அவர்களும் ஏறினார்கள். விமானப் பயணிக்கென்று கட்டிய ரயில் ஊர் ரயிலாகவும் ஆனது அப்போதுதான்.

டெல்லியில் நடந்தது

நம் நாட்டிலும் இதே பாடம் இருக்கிறது. டெல்லி ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் 2011 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 22.7 கிலோமீட்டர், தனியார் இயக்கம், புதுடெல்லி நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு 20 நிமிடம் அளவில். 2012 ஜூலையில் சேவை நின்றது. உயர்பாலத்தின் தாங்கிகளிலும் அவற்றோடு சேர்ந்த பகுதிகளிலும் பழுது. 2013 ஜனவரியில் மறுபடி ஓடியபோது வேகத்தை மணிக்கு 50 கிலோமீட்டருக்குக் கட்டிவைத்தார்கள். வேகத்துக்காகவே கூடுதல் விலை கொடுத்த பயணிக்கு, வேகம் போனபின் அந்த விலைக்கு என்ன பொருள்? அந்த ஆண்டு ஜூலையில் தனியார் நிறுவனம் விலக, டெல்லி மெட்ரோ கழகமே பாதையை எடுத்துக்கொண்டது. 2014-இல் கட்டணம் இறங்கியது. 2015 செப்டம்பரில் மேலும் இறங்கி, அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாய்க்கு வந்தது. பயணிகள் கூடினார்கள். ஒப்பந்த வழக்கு மட்டும் 2024 வரை உச்ச நீதிமன்றத்தில் ஓடியது.

சிட்னியிலும் இதே கதிதான். பாதை திறந்த 2000-ஆம் ஆண்டின் இறுதிக்குள்ளேயே நிலையங்களை நடத்திய தனியார் நிறுவனம் கடன் கொடுத்தவர்கள் கைக்குப் போனது. எதிர்பார்த்த ஆட்கள் வரவில்லை. 2011-இல் அரசு தலையிட்டு, கிரீன் ஸ்கொயர், மாஸ்கட் ஆகிய இரு நிலையங்களின் வாசல் கட்டணத்தை நீக்கியது. விமான நிலைய முனையங்களில் உள்ள இரு ரயில் நிலையங்களில் மட்டும் அது இன்றும் இருக்கிறது. பணம் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் மாஸ்கட்டில் இறங்கி 420-ஆம் எண் பேருந்தில் முனையம் போகிறார்கள். ரயில் வாசல்வரை போகிறது. மனிதர் ஒரு நிலையம் முன்னால் இறங்கிப் பேருந்துக்குக் காத்திருக்கிறார். வாசல் கட்டணத்தின் குறை என்ன என்று யாரும் கேட்டால் இதைத்தான் காட்டுவோம்.

இதில் அதிகம் அடிபடுவது விமானம் ஏறுபவர்கூட அல்ல. அவர் வருடத்தில் ஒன்றிரண்டு முறை போவார். பெட்டி ஏற்றும் தொழிலாளி, துப்புரவுப் பணியாளர், பாதுகாப்புக் காவலர், தேநீர்க்கடையில் நிற்பவர் ஆகியோர் தினமும் இருமுறை அந்த வாசலைக் கடக்கிறார்கள். சிட்னியில் வாரத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அதுவும் சம்பளத்தில் கடிக்கத்தான் செய்யும். கோலாலம்பூர் இதை வேறு விதமாகக் கையாள்கிறது. இடைநில்லா எக்ஸ்பிரஸ் 28 நிமிடம், 55 ரிங்கிட் (2016-க்கு முன் 35). அதே தண்டவாளத்தில் மூன்று இடங்களில் நின்று போகும் டிரான்சிட் ரயிலும் உண்டு. நடுவில் இறங்குபவருக்கு அதில் விலை மிகக் குறைவு. புத்ராஜெயாவிலோ சாலாக் திங்கியிலோ குடியிருக்கும் ஊழியர் அதில் வேலைக்கு வரலாம்.

வேகத்தை எப்படி அளப்பது?

விளம்பரத்தில் சொல்லும் 15 நிமிடம், ரயில் ஓடும் நேரம் மட்டும். நாம் அளக்க வேண்டியது வீட்டு வாசலிலிருந்து விமான நிலையக் கதவுவரை. கூட்டவேண்டியவை: நிலையத்துக்குப் போகும் நேரம், நடைமேடைக்கு இறங்கும் நேரம், காத்திருப்பு, ஓட்டம், இறங்கி முனையத்துக்கு நடை. காத்திருப்புக்கு எளிய விதி உண்டு. 15 நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால் சராசரியாக ஏழரை நிமிடம் நிற்போம். அரைமணிக்கு ஒன்று என்றால் 15 நிமிடம்.

லண்டனில் நம் தமிழர்கள் அதிகம் இருக்கும் ஈஸ்ட்ஹாமை எடுத்துக்கொள்வோம். ஹீத்ரோ எக்ஸ்பிரஸில் 15 நிமிடத்தில் பாடிங்டன் வந்தாலும், அங்கே இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு வேறு பாதைக்கு மாறி, நகரத்தை முழுக்கக் குறுக்கே கடக்க வேண்டும். பிக்காடில்லி பாதையில் வருபவர் ஹேமர்ஸ்மித்தில் இறங்கினால், அதே நடைமேடையின் மறுபக்கத்தில் டிஸ்ட்ரிக்ட் பாதை வண்டி வரும். படி இல்லை. அந்த வண்டி நேரே ஈஸ்ட்ஹாம் போகும். நேரம் கூடுதல்தான், ஆனால் பெட்டியைத் தூக்க வேண்டியதில்லை, செலவு நாலில் ஒரு பங்கு. எலிசபெத் பாதையில் வந்தால் ஒயிட்சாப்பலில் ஒரே ஒரு மாற்றம். பாடிங்டன் பக்கத்திலேயே ஹோட்டல் எடுத்தவருக்குத்தான் எக்ஸ்பிரஸின் முழுப் பலனும் கிடைக்கும்.

ஷாங்காயின் காந்த ரயில் இதற்கு இன்னொரு சாட்சி. 30 கிலோமீட்டரை எட்டு நிமிடத்தில் கடக்கும். அது முடியும் லோங்யாங் சாலை நிலையமோ நகர மையத்தில் இல்லை. அங்கிருந்து மெட்ரோவுக்கு மாற வேண்டும். அந்த மெட்ரோவின் இரண்டாம் பாதையே விமான நிலையத்துக்கும் போகிறது.

ஆள் கணக்கையும் மறக்கக்கூடாது. ஒரு பேச்சுக்கு, ரயிலில் தலைக்கு 300 ரூபாய், டாக்சிக்கு 700 என்று வைத்துக்கொள்வோம். தனியாகப் போனால் ரயில் லாபம். இருவர் என்றால் 600, வித்தியாசம் நூறுதான். மூவர் என்றால் டாக்சியே மலிவு, வாசலிலும் இறக்கிவிடும். நம் ஊரில் வளைகுடாவுக்கு ஒருவர் கிளம்பினால் வீடே வேனில் ஏறிவிடும். அம்மா, மனைவி, பிள்ளைகள், ஓட்ட ஒரு மச்சான். கயிறு கட்டிய பெட்டியின்மேல் பேனாவால் பெயர் எழுதி, எடை 30 கிலோவைத் தாண்டிவிட்டதா என்று கடைசிவரை கவலைப்பட்டபடி போவார்கள். தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் ரயில் இந்தக் குடும்பத்துக்கு ஒருநாளும் கட்டுப்படியாகாது.

தனிக் கட்டண ரயில் நன்றாக ஓடும் இடம் இல்லையா என்றால், ஹாங்காங்கைச் சொல்லலாம். விமான நிலையம் நகரத்திலிருந்து 30 கிலோமீட்டருக்கும் அப்பால். ரயில் 24 நிமிடம். ரயிலிலிருந்து முனையத்துக்குப் படி ஏறாமல் தள்ளுவண்டியோடு போகலாம். நகர நிலையத்திலேயே பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டுக் கைவீசிக்கொண்டு ஏறும் வசதியும் வைத்தார்கள். மலிவாகப் போக துங் சுங் மெட்ரோ பாதையும் பேருந்துகளும் தனியாக இருக்கின்றன. தூரம் அதிகம், சுமை இல்லை, மாற்று வழியும் உண்டு. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அந்த விலை நிற்கிறது.

தண்டவாளத்தில் இடம் யாருக்கு?

விலையைவிட அதிகம் பேசப்பட வேண்டியது இது. தனிப் பாதை இல்லாமல், ஊர் ரயில்கள் ஓடும் அதே தடத்தில் இடைநில்லா ரயிலை விட்டால், நின்று நின்று போகும் வண்டிகளை அது எட்டிப் பிடித்துவிடும். அதற்காக முன்னும் பின்னும் இடைவெளி விட வேண்டும். ஒரு எக்ஸ்பிரஸுக்காக ஒன்றுக்கு மேற்பட்ட சாதாரண வண்டிகளின் இடம் போய்விடும். நம்மவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒற்றைப் பாதையில், எதிரே வரும் எக்ஸ்பிரஸுக்காகப் பள்ளியாடியிலோ இரணியலிலோ பாசஞ்சர் வண்டி நிற்கும்போது ஜன்னல் வழியாகத் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள்தானே நாம்.

லண்டனின் கேட்விக் எக்ஸ்பிரஸ்மீது இந்தக் குறை நெடுநாளாக உண்டு. அது ஓடுவது, மற்ற ரயில்களும் ஓடும் நெரிசலான தடத்தில். அவற்றைவிடச் சில நிமிடமே முந்துகிறது.

நம் பக்கம் திரும்பினால்

தம்பானூரிலிருந்து விமான நிலையத்துக்குத் தனிக் கட்டண ரயில் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். ஆறு கிலோமீட்டர் ஓட எட்டு நிமிடம். காத்திருப்பு ஏழு. நாகர்கோவில் வண்டியிலிருந்து இறங்கி மேம்பாலம் ஏறி அடுத்த நடைமேடைக்குப் போகப் பெட்டியோடு பத்து. மொத்தம் 25 நிமிடம். ஆட்டோவும் கிட்டத்தட்ட அதே நேரத்தில் கொண்டுபோய் விடும். கடைசி ஆறு கிலோமீட்டரில் எந்த ரயிலும் நமக்கு நேரத்தை மிச்சப்படுத்தாது. முதல் 71 கிலோமீட்டரில்தான் நம் நேரம் கரைகிறது.

பாதை ஏற்கெனவே விமான நிலையத்தின் அருகில்தான் போகிறது. சென்ட்ரலைத் தாண்டினால் திருவனந்தபுரம் பேட்டை, அடுத்து கொச்சுவேளி (இப்போது திருவனந்தபுரம் வடக்கு). சாக்கைப் பக்கம் இருக்கும் சர்வதேச முனையத்துக்குப் பேட்டை நிலையம் தம்பானூரைவிடக் கிட்டே. ஆகவே நாகர்கோவிலில் டிக்கெட் எடுக்கும்போது, வண்டி சென்ட்ரலோடு முடிகிறதா, அதற்கு அப்பால் போகிறதா, பேட்டையில் நிற்குமா என்று பாருங்கள். எல்லா வண்டியும் நிற்காது. இன்னொன்று: உள்நாட்டு முனையம் சங்குமுகம் பக்கம், சர்வதேச முனையம் சாக்கைப் பக்கம். நடுவில் ஓடுபாதை. தவறான முனையத்தில் இறங்கினால் சுற்றிக்கொண்டு பல கிலோமீட்டர் போக வேண்டும். விமான டிக்கெட்டில் முனைய எண்ணைப் பார்த்து ஆட்டோக்காரரிடம் சொல்லிவிட்டு ஏறுங்கள்.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். விமானம் பகல் 2 மணிக்கு என்றால் முனையத்தில் 11-க்கு இருக்க வேண்டும். தம்பானூரிலிருந்து 10.15-க்குக் கிளம்ப வேண்டும். வண்டி தாமதமாகலாம், அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால், கால அட்டவணைப்படி 9.15-க்குள் சென்ட்ரல் சேரும் வண்டிதான் நமக்கானது. அதற்கு அடுத்ததை நம்பக்கூடாது. விமானம் காலை 6 மணிக்கு என்றால் 3 மணிக்கே அங்கே நிற்க வேண்டும். அதற்கு ரயிலை நம்ப முடியாது, களியக்காவிளை வழியாகச் சாலைதான்.

சென்னையில் விமானம் ஏறுபவர்கள் எழும்பூர்வரை போக வேண்டாம். நம் பக்கத்து வண்டிகளில் பல தாம்பரத்தில் நிற்கும். அங்கே இறங்கிக் கடற்கரை செல்லும் புறநகர் ரயிலில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அடுத்தது திரிசூலம். கட்டணம் சில ரூபாய். திரிசூலத்தில் படி ஏறி இறங்கிச் சாலையைக் கடக்க வேண்டியிருக்கும், ஆகவே பெரிய பெட்டி இரண்டு இருந்தால் யோசித்துச் செய்யுங்கள். காலை நெரிசலுக்கு முன் ஏறிவிடுவது நல்லது.

நிலையம் கட்டினால் மட்டும் போதாது என்பதற்குப் பெங்களூரு அருகிலேயே சான்று. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் 2021 ஜனவரியில் ஒரு ரயில் நிறுத்தம் திறந்தார்கள். கட்டணம் மிகக் குறைவு. ஆனால் நாளுக்குச் சில வண்டிகள்தான், நிலையத்திலிருந்து முனையத்துக்கு இன்னொரு பேருந்து. விலை மலிவாக இருந்தும் கூட்டம் சேரவில்லை. 25 பவுண்டு ரயிலில் இருக்கும் ஒரு நல்ல பண்பு இதில் இல்லை: எப்போது போனாலும் கால்மணி நேரத்தில் வண்டி வரும் என்ற உறுதி.

அதனால் குமரி மக்கள் கேட்க வேண்டியது கண்ணாடிக் கதவு போட்ட தனி ரயிலை அல்ல. இரட்டைப் பாதை வேலை முடிந்து தடத்தில் இடம் கிடைக்கும்போது, குழித்துறையிலும் இரணியலிலும் நின்று பேட்டைவரை போகும் மெமு (மின்சாரப் பாசஞ்சர்) வண்டிகள் வேண்டும், சாதாரணக் கட்டணத்தில். அதில் முதலாவது விடியலுக்கு முன்பே பேட்டை சேர வேண்டும். காலை ஷிப்டுக்குப் போகும் ஊழியருக்கும் அது உதவும். கதவருகே இரண்டு வரிசை இருக்கையை எடுத்துவிட்டுப் பெட்டி வைக்க இடம் விட வேண்டும். வண்டி வந்து நிற்கும் நேரத்துக்கு இரு முனையங்களுக்கும் போகும் ஒரு பேருந்து நிலைய வாசலில் காத்திருக்க வேண்டும். வண்டி இருபது நிமிடம் தாமதமானால் அதுவும் இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும்.